ட்ரிப் ஆகாத வீடு

புத்தளத்தில் வயரிங் வேலை செய்பவன் அதிகம் கேட்கும் சொல் ‘ட்ரிப்’. எங்காவது கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரம் முழுவதையும் ஒரு நொடியில் நிறுத்திவிடும் ஸ்விட்சின் வேலை அது. எங்கள் தொழிலில் ‘ட்ரிப் ஆகிட்டு’ என்றால் யாரோ உயிர் தப்பினார்கள் என்று பொருள். ஊரில் அதற்குக் கரச்சல், வெறும் தொல்லை என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடியே நான் இளைத்துப்போனேன். நீங்களும் இந்தத் தொழில் என்றால் சொல்லத் தேவையில்லை.

கலியாண அவசரம்

தில்லையடியில் சுபைதா மாமியின் மகளுக்குக் கலியாணம். பந்தல் லைட் போட்டதும் ட்ரிப். மறுபடி போட்டேன், மறுபடியும் ட்ரிப். மழையில் நனைந்த வயர்தான் காரணம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். செய்யக்கூடாததைச் செய்தேன்: ட்ரிப் ஸ்விட்சை விட்டுவிட்டு நேராக வயர் கொடுத்தேன். நாளைக்கே வந்து சரியாக்குகிறேன், அதுவரை ஈரக் கையால் எதையும் தொடவேண்டாம் என்றேன்.

“நீங்க அவசரப்படாம ஆறுதலா வாங்க மகன், லைட் எரியுதே, அது போதும்.”

எலுவன்குளத்து மோட்டார்

விடிந்ததும் எலுவன்குளத்திலிருந்து கந்தையா அண்ணன் கூப்பிட்டார். வன்னியிலிருந்து வந்து குடியேறியவர். மோட்டார் போட்டால் ட்ரிப், பயிர் வாடுகிறது. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கச் சொன்னார். இந்தமுறை மாட்டேன் என்றேன். வேலை செய்தாலும் மனசு தில்லையடியில்தான். இரண்டு தரம் மாமிக்கு ஃபோன் எடுத்தேன், பதில் இல்லை. எலி கடித்த வயர் மோட்டாரின் இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டியதும் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது என்னைக் காப்பாத்திக்கொண்டெல்லோ இருந்திருக்கு தம்பி, நான் இதைப் போட்டு ஏசிக்கொண்டிருந்தன்.”

மெயினுக்குப் பிறகு சலாம்

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை நேரே தில்லையடிக்கு விட்டேன். பின்கட்டில் மாமி, ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு, ஓடுகிற வோஷிங் மெஷினுக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார். மெயினை நிறுத்திவிட்டுத்தான் சலாமே சொன்னேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: கசிவு பந்தலில் இல்லை, அந்த மெஷினில்; பந்தல் லைட் போட்ட நேரம் அதுவும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாமிக்கோ கோபம்.

“ஏன் மகன் நிப்பாட்டினீங்க? நீங்க வந்துட்டுப் போனதில இருந்து ஒரு கரச்சலும் இல்ல, மெஷினைத் தொட்டா கை கொஞ்சம் கூசுது, அவ்வளவுதான்.”

இப்போதெல்லாம் ‘ட்ரிப் ஆகுது’ என்று யாராவது ஃபோனில் ஏசினால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.