சர்க்கஸ் வண்டிக்குப் பூசிய தார்

1958 ஐப்பசி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்ன சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். எனக்குத் தொழில் பரிசல் கட்டுவது, தார் பூசுவது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

சர்க்கஸில் சைக்கிள் வித்தை காட்டுகிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரும் மனைவியும் கைக்குழந்தையும் ஒரு வண்டியில் குடியிருந்தார்கள். மரச் சட்டம், வெளியே தகரம், உள்ளே பலகை, நாலு சக்கரம். லாரிக்குப் பின்னால் கட்டி இழுப்பார்கள். எந்த ஊர் போனாலும் அதுதான் வீடு. மழையில் கூரை ஒழுகியது. குழந்தைக்கு விடாத இருமல்.

தார் காய்ச்சிக் கொண்டுபோனேன். கூரை இணைப்பு, ஆணித் தலை எல்லாம் அடைத்தேன். சுவரின் அடியில், தகரம் முடிகிற இடத்தில் சுற்றிலும் ஒரு விரல் அளவு சந்து இருந்தது. எவனோ அரைகுறையாக விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். தேங்காய் நாரைத் திணித்து அதிலும் தார் ஊற்றினேன்.

அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தது. "அது எதுக்கோ விட்ட சந்து மாதிரி இருக்கே அண்ணே?"

"பரிசல்ல சந்து விட்டா நீந்தித்தாம்மா கரையேறணும்."

"இது ரோட்டுல போற வண்டிண்ணே" என்று சிரித்தது. நானும் சிரித்தேன். சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மூன்று நாள் மழை அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பெருமை.

மார்கழிக் கடைசியில் வையம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. சர்க்கஸ் அப்போது அங்கே. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பஸ் ஏறினேன்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடித் தகரத்தை நெம்பினேன். கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. பழைய சட்டம், இரண்டு மாதமாகத் தண்ணீரில் ஊறி, புட்டு மாதிரி உதிர்ந்தது.

ஜன்னல் ஓரத்தை நான் கவனிக்கவில்லை. அங்கே இறங்கிய மழை சுவருக்குள் ஓடி அடியில் தேங்கியிருக்கிறது. அது வெளியேற இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். பரிசலுக்குத் தண்ணீர் கீழிருந்து வரும். வண்டிக்கு மேலிருந்து வரும். அது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி திண்டுக்கல் கிளம்புகிறது. உருளாத வண்டியைப் போட்டுவிட்டு வா என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அப்புறம் குழந்தையோடு குதிரைக் கொட்டகையில்தான் படுக்க வேண்டும்.

திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"வாங்க பரிசல்காரரே" என்று அந்த அம்மா டீயை நீட்டியது. "வெளித்தண்ணி உள்ள வரல. உள்ள போன தண்ணிக்குத்தான் வழி தெரியல."

"சும்மா இரு" என்றார் புருஷன். "நானும் பக்கத்துலதானே நின்னேன். எனக்கும்தான் தோணல."

"இங்க தச்சர் இருப்பாரே, அவரைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"எங்கெங்க அடைச்சிருக்குன்னு உங்களுக்குத்தானேண்ணே தெரியும்? நீங்களே பாருங்க" என்றது அந்த அம்மா.

இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். தகரத்தைக் கழற்றினோம். மக்கிய மரத்தை அவர்கள் கொடுத்த உளியால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வெயிலில் காயவிட்டோம். வேப்பஞ்சட்டம் அறுத்து வாங்கி, அதற்குத் தார் பூசிக் காய்ந்த பிறகுதான் தகரம் அடித்தோம். ஜன்னலுக்கு மேல் தகரத்தை மடித்துச் சின்னக் கூரை மாதிரி வைத்தேன். அடிச் சந்தைத் திறந்து விட்டேன்.

பிறகு ஜன்னல் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். பெரும்பாலும் வெளியே வழிந்துவிட்டது. உள்ளே போன கொஞ்சமும் சந்து வழியாகச் சொட்டியது. சொட்டு நிற்கும்வரை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை லாரி இழுத்தது. வண்டி நேராக உருண்டது. அந்த அம்மா ஜன்னலில் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டியது.

அவர்களை நான் மறுபடி பார்க்கவில்லை. வீட்டைக் கெடுத்த என்னைத் துரத்தியிருக்கலாம்; டீயைக் கொடுத்து, உளியையும் என் கையிலேயே கொடுத்தார்கள். அதன் பிறகு அடுத்தவன் கைத்தவறைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததே இல்லை.