முள்முருங்கைப் புகை

எங்கள் சின்ன அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டுக்கொண்டே திரும்பிப் போனார்கள். அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. அந்தப் பங்கு என்னவென்று எனக்கே தெரியாது.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், அப்பா. எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன அத்தை என்று நான்கு பேர். அடுப்படி அத்தையின் பொறுப்பு. பின்பக்கம் தகரக் கொட்டகையில் இருந்த விறகு அடுக்கு என் பொறுப்பு. அதை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வரவில்லை, ஆனால் கட்டைகள் நன்றாக வந்தன.

செடிகளைக் கவாத்து வெட்டிக் கழிக்கும்போது வரும் காப்பிக் கட்டை பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நின்று எரியும். சோறு வடித்த பிறகும் அதன் கங்கு அணையாமல் கிடக்கும். சில்வர் ஓக் பந்தாவாகப் பற்றிக்கொண்டு, குழம்பு கொதிப்பதற்குள் சாம்பலாகிவிடும். வாசலில் நுழையும்போதே எனக்கு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, போகும்போது மறந்துவிடும் என் மாமாவைப் போல. தைல மரம் வெடித்து வெடித்து எரியும், பாலில் அதன் வாசனை ஏறிவிடும். நாவலை நன்றாகக் காயவிடாமல் வைத்தால் முரண்டு பிடிக்கும். கொய்யாதான் ராஜா. புகையே இல்லாமல் சிவப்பாகத் தணல் கட்டும்.

கடைசி இடம் முள்முருங்கைக்கு. வேலிக்கும் மிளகுக்கொடி ஏற்றுவதற்கும் நடுகிற மரம் அது. வெட்டி நட்ட கொம்பே துளிர்த்துவிடும், அவ்வளவு ஈரம் அதன் உடம்பில். அடுப்பில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் நுரை தள்ளும். தீ வராது, புகை மட்டும் வீடு கொள்ளாமல் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டைகளைத் தட்டினால், சத்தத்தை வைத்தே என்ன மரம், எவ்வளவு காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த வயதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

அந்த வருஷம் அத்தை சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். ஜூன் மாதம் பயிற்சிப் பள்ளி திறப்பதற்குள் நல்ல வரன் அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் படிப்பு என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு சேலத்திலிருந்த எல்லாத் தரகர்களுக்கும் கடிதம் எழுதினார். அத்தை தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முதல் வரன் வந்த அன்று காலையில் அத்தை என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"கண்ணு, வேலியில பச்சையா ஒரு முள்முருங்கைக் கொம்பு ஒடிச்சுட்டு வா. அப்பா அம்மாகிட்டச் சொல்லக் கூடாது, என்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். விசேஷத்துக்கு வாசலில் மாவிலை கட்டுவதைப் போல, பெண் பார்க்க வந்தால் அடுப்பில் முள்முருங்கை வைப்பதும் ஒரு சாஸ்திரம். இதில் என்ன சந்தேகம்?

அம்மா முன்னறையில் விருந்தாளிகளோடு இருந்தாள். பஜ்ஜி வேகவே இல்லை. காப்பியில் புகை நாற்றம். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெண்ணுக்கு அடுப்பு மூட்டவே தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார். இரண்டாவது வரனும் அதே போல இருமிக்கொண்டே மலை இறங்கியது. அப்பா ஓட்டுக் கூரையில் புகை போக்கி சரியில்லை என்று எஸ்டேட் மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினார். அம்மா என்னிடம், விறகைப் பார்த்து எடுத்து வைக்கக் கூடாதா என்று குறைப்பட்டாள். என் தொழில் திறமையை அப்படிப் பேசியது எனக்கு ரொம்பவே வலித்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வரன் வந்தது மே மாதக் கடைசியில். சேலத்தில் சொந்த வியாபாரம் என்று மட்டும் தரகர் எழுதியிருந்தார். என்ன வியாபாரம் என்று அப்பா கேட்கவில்லை. முதல் நாள்தான் மழை பெய்திருந்தது, நான் ஒடித்துவந்த கொம்பில் தண்ணீர் சொட்டியது. அன்றைய புகையை இப்போது நினைத்தாலும் கண் எரிகிறது. கால் மணி நேரம் தாக்குப்பிடித்த மாப்பிள்ளை, முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் வந்தார்.

வந்தவர் தொட்டித் தண்ணீரைத் தொடவில்லை. என் விறகு அடுக்கின் முன்னால் நின்றுவிட்டார். மரம் வாரியாகப் பிரித்து, நுனியெல்லாம் ஒரே நேராக நான் அடுக்கியிருந்ததை இந்த உலகத்தில் முதல் முதலாக ஒரு மனிதர் பார்த்தார். யார் அடுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு கட்டையை உருவி நீட்டினார். "நாவல்" என்றேன். இன்னொன்று. "காப்பிங்க. போன வருசத்துக் கவாத்து." அடுத்ததை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விரலால் தட்டினார். அதையும் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். பிறகு அடுப்படி வாசல் பக்கம் கையைக் காட்டினார். அடுப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொம்பின் நுனியில் நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"அது என்ன மரம் அம்மணி?"

"முள்முருங்கைங்க. அது எரியாதுங்க."

"எரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு வெச்சீங்க?"

அப்பா அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் அத்தை சொல்லியிருந்தாள். இவரிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

"பொண்ணு பாக்க வந்தா அதுதானுங்க வெப்போம். அத்தைதான் ஒடிச்சுட்டு வரச் சொல்லுவாங்க. நொம்ப நாளைக்கு இல்லீங்க. ஜூன் மாசம் அவங்க டீச்சருக்குப் படிக்கப் போயிருவாங்க."

சொல்லி முடித்துத் திரும்பினால் அத்தை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அவர் அத்தையைப் பார்க்காமல், கையிலிருந்த கட்டையை எடுத்த இடத்திலேயே ஒழுங்காகச் செருகினார்.

"நாங்க வெறகுக் கடை வெச்சிருக்கறமுங்க. பொகை வர்றப்பவே என்ன மரம்னு தெரிஞ்சு போச்சுங்க." "நீங்க படிச்சு முடிங்க. ரெண்டு வருசங் கழிச்சு இன்னொருக்கா வந்து கேக்கறேன். அப்பவும் இதே பொகைதான்னா, காப்பியக் குடிச்சுப்போட்டுப் போயிடறமுங்க."

முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார். அம்மாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்த இரண்டாவது டம்ளரையும் காலி செய்துவிட்டு, பெண் பிடித்திருக்கிறது, ஆனால் தனக்கு இரண்டு வருஷத்துக்குக் கல்யாண யோகம் இல்லை என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார், அதுவரை பெண் வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதிலாகப் படிக்கட்டுமே என்றார். அப்படி ஒரு ஜோசியரைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்ட அவருடைய தாயார் வாயைத் திறந்தார். அதற்குள் புகை நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குக் கல்யாணம், படிப்பு என்ற இரண்டு பாரமும் ஒரே நாளில் இறங்கிய சந்தோஷம்.

ஜூன் மாதம் அத்தை தகரப் பெட்டியோடு சேலம் பஸ் ஏறினாள். நான் உளறியதற்கு அவள் என்னைத் திட்டவே இல்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள். அதுதான் தண்டனை என்று நினைத்து நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, பயிற்சி முடித்து அத்தை வந்திருந்தபோது, அந்த வீட்டார் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. அன்று காலையில் யாரும் சொல்லாமலே நான் வேலிக்குப் போய், நல்ல பச்சையாகப் பார்த்து ஒரு முள்முருங்கைக் கொம்பை ஒடித்து வந்தேன். சாஸ்திரத்தை மறக்காதவள் நான் என்று அத்தை மெச்சிக்கொள்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கொம்பை வாங்கி வேலி ஓரத்தில் ஊன்றிவிட்டு, அடுப்படிப் பரணில் ஏறி, சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையை இறக்கினாள். உள்ளே முழுக்கக் கொய்யா விறகு.

என் ராஜ்ஜியத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு விறகுக் கட்டு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது.

"இது ஒரு வருசமாவது காஞ்சிருக்குமே. ஏனுங்க அத்தை, எப்ப வெச்சீங்க?"

"போன லீவுல."

சொல்லிக்கொண்டே அவள் கட்டைகளை அடுப்பில் வைத்தாள். ஒரு வருஷம் என்று சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் நான் மேலே கேட்கவில்லை. அவருக்கு எதற்கு இவ்வளவு நல்ல விறகு, புகைக் காப்பியையே இரண்டு டம்ளர் குடிக்கிறவராயிற்றே என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

கீழே, படி வெட்டியிருந்த ஒற்றையடிப் பாதையின் திருப்பத்தில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் பாதி வழியில் சட்டென்று நின்றார். தலையைத் தூக்கி எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்தார். ஓடுகளுக்கு மேலே வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பிறகு, தாயார் பின்னால் மூச்சு வாங்கி வருவதையும் மறந்துவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார்.

ஒரு மனிதருக்குக் காப்பியின் மேல் இவ்வளவு ஆசை இருக்குமா என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.