வெளிச்சம் பிடித்த அண்ணன்

சீட் தைக்கும் கடை வைத்திருந்ததால் அவளை எல்லோரும் ரெக்சின் அக்கா என்பார்கள். லாரி சீட், பஸ் சீட், வேன் மேல் போடும் படுதா, எது வந்தாலும் தைப்பாள். ஊசி இறங்காத தோலிலும் ஊசியை இறக்கிவிடுகிற கை. வாயும் அப்படித்தான். தாமதம் என்று யாராவது முணுமுணுத்தால், அவசரம் என்றால் நின்றுகொண்டே ஓட்டுங்கள் என்பாள்.

அவள் வாங்கிய வண்டியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய மலை லாரி. ஜீப்புக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும். பேனட்டுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. தையல் மெஷினை அதில் ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே போய்விட வேண்டும் என்பது அவள் திட்டம். அங்கே சாலை போடுகிறவர்களின் முகாமில் கூடாரங்கள் கிழிந்துகொண்டே இருந்தன. மழைக்கு முன்னால் மெஷினோடு வந்து சேர்ந்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முகாம் மேலாளர் சொல்லியிருந்தார். பாதை முழுக்கச் சேறு. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள் அடிவாரத்திலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

மெக்கானிக்குகள் அந்த வண்டியைத் தொட மாட்டோம் என்று கைவிரித்தார்கள். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிவிட்டாள். துணைக்கு அண்ணன் இருந்தான். ஒரு பெரிய பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, பட்டறை முற்றத்தில் கொஞ்ச நாள் போட்டுவைத்து, பிறகு அவள் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்தான். புதிதாகத் தொடங்குகிறவளுக்கு என்னென்ன வேண்டும் என்றும் அவனே சொன்னான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதே, முட்டுக் கொடுக்கிற ஸ்டாண்டு நாலு வாங்கு. துருவை ஊறவைக்க எண்ணெய், கம்பி பிரஷ், துரு கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி, சுத்தியல். இறுகிப்போன போல்ட்டுக்கு ஸ்பேனரின் பிடியில் செருகிக்கொள்ள ஒரு நீளக் குழாய்.

ஸ்பேனரை மட்டும் அவனைக் கேட்காமல் வாங்கிவிட்டாள். பளபளவென்று மில்லிமீட்டர் செட். வண்டியோ இஞ்ச் காலத்து வண்டி. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருகியதில் நாலைந்து போல்ட் தலைகள் மழுங்கி உருண்டைகளாகிவிட்டன. நாள் முழுக்கக் கழுத்தில் இஞ்ச் டேப்பை மாட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு இந்தப் புத்தி வேண்டாமா என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள், மறுநாளே இஞ்ச் செட் ஒன்றை வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு அளவு பார்க்காமல் எதையும் திருகியதில்லை. கழற்றிய போல்ட்டுகளைப் பட்டன் டப்பாக்களில் இடம்வாரியாகப் பிரித்துப் போட்டு, டப்பா மேல் சாக்பீஸால் குறித்துவைத்தாள்.

ஞாயிறுதோறும் அண்ணன் வந்துவிடுவான். அட்டையை விரித்து அவளுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து டார்ச் பிடிப்பான். அவள் கையை நீட்டினால் போதும், கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து உட்காரும். பிரேக் ஆயிற்று, ரேடியேட்டர் ஆயிற்று, கார்புரேட்டர் ஆயிற்று. முதல் தடவை என்ஜின் இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது அண்ணன் அவள் தலையில் கைவைத்து அழுத்தினான். சின்ன வயதில் அவள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது செய்தது போலவே. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் இன்னொரு லாரியைக்கூடக் கழற்றிப் பூட்டியிருப்பாள்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் அவன் தொடவிடவில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெட்டி. முன்சக்கரங்களுக்கு இழுவை அதிலிருந்துதான் போகிறது. அதன் மூடி போல்ட்டெல்லாம் துருவேறி ஒட்டிப்போயிருக்கிறது, கைவைத்தால் முறிந்துவிடும், எண்ணெய் நானே ஊற்றிவிட்டேன், விட்டுவிடு என்பான். அவள் கண் அந்தப் பக்கம் போனால் டார்ச் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். அவன் கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெட்டியின் நெம்புகோல் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்ததில் அவளுக்குப் பெருமைதான்.

மழைக்கு வானம் கருக்கத் தொடங்கியதும் அவள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு அடிவாரம் போனாள். சேற்று ஏற்றத்தில் நெம்புகோலைத் தள்ளிவிட்டு ஏறினாள். பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் பேருக்குக்கூட இழுக்கவில்லை. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

கொட்டகைக்குத் திரும்பி வண்டியை முட்டில் ஏற்றினாள். முறிந்தால் முறியட்டும் என்று சின்னப் பெட்டியின் எண்ணெயை வடித்தாள். மூடி போல்ட்டுகளுக்கு ஊறும் எண்ணெய் அடித்தாள். நீளக் குழாயை ஸ்பேனரில் செருகிக்கொண்டு, காலைச் சுவரில் உதைத்து, பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். போல்ட் உடனே விட்டுக்கொடுத்துவிட, குழாய் எகிறி அவள் முழங்கை சிமெண்ட் தரையில் மோதியது. அடுத்த போல்ட்டைக் குழாய் இல்லாமலே கழற்றினாள். அதற்கடுத்ததை விரலாலேயே. மரையில் துரு இல்லை. மூடி விளிம்பில் பூசியிருந்த பசை புதுசு. பெட்டிக்குள், நெம்புகோலோடு நகர்ந்து முன்சக்கரத்துத் தண்டைப் பிடிக்க வேண்டிய பல்சக்கரம் இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் விரலை உள்ளே விட்டு அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்தாள். முழங்கை வலித்தது, அது பெரிதாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் மூடியை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணே அது?"

முதலில் மென்று விழுங்கினான். பிறகு சொல்லிவிட்டான். வண்டி பட்டறை முற்றத்தில் கிடந்தபோதே எடுத்ததாம். அவன் கூட்டாளி ஒருவன் இதே மாதிரி வண்டி வைத்திருந்தான், அந்தப் பாகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று கெஞ்சினானாம். அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். அதன் படுதாவைத் தைத்தவளே அவள்தான். தினமும் கடை வாசலைத் தாண்டி மலைக்குப் போகிறது.

"நீ முடிப்பேன்னு யாரு கண்டா? கொஞ்ச நாள் தட்டிக்கிட்டு இருப்ப, அப்புறம் போட்டுட்டுப் போயிடுவன்னு நெனச்சேன்" என்றான்.

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து டார்ச் புடிச்ச?"

"நீ சந்தோஷமா இருந்த. அதக் கெடுக்க மனசு வரல."

பல்சக்கரம் போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இரும்பு போனால் இரும்பு. குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்கிற மாதிரி, இத்தனை ஸ்டாண்டையும் சுத்தியலையும் அவளை வாங்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான் என்பதுதான் பொறுக்கவில்லை. மூடியை அவன் முன்னாலிருந்து எடுத்துப் பட்டன் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மழை வந்தது. முகாம் வேலை வேறு ஆளுக்குப் போனது. கொஞ்ச நாள் கழித்து அண்ணன் எங்கெங்கோ அலைந்து ஒரு பல்சக்கரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் மேலே போக அது வேண்டும். வாங்கி, அளவு பார்த்து, பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் போனாள். அவன் வழக்கம்போல அட்டையை விரிக்கக் குனிந்தபோது, அவள் டார்ச்சை ரெக்சின் வாரால் வண்டிச் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து சுவரோரம் போய் நின்றான்.

பல்சக்கரம் உட்கார்ந்தது. மூடியைப் பொருத்தியதும், மேலே இருந்த பார்வையை எடுக்காமல், பழக்க தோஷத்தில் கையை வெளியே நீட்டினாள். அண்ணன் ஓடிவந்து சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினான். அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு அட்டையோடு சேர்த்துத் தன்னை வெளியே நகர்த்தி, எழுந்து, ஸ்பேனர் பெட்டியிலிருந்து அதே அளவில் இன்னொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் அடியில் போனாள்.