மோஃபுவின் பற்கள்

ஓபர்ட் குவெரு நகரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். அவனை நல்லவன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தீங்கு செய்ய அவனுக்குத் துணிச்சல் கிடையாது. நல்லவனாக இருப்பது வேறு விஷயம். யாராவது ‘மோஃபு’ என்று கூப்பிட்டால் மட்டும் அவனுடைய கூன் முதுகு கொஞ்சம் நிமிரும்.

மோஃபு என்பது பெரிய மான், காளையைவிடக் கனமானது. அதைக் குலவிலங்காகக் கொண்டவர்களை மரியாதைக்கு அந்தப் பெயராலேயே அழைப்போம். குலம் தகப்பன் வழியில் வருவது. தன் குலவிலங்கின் கறியைத் தின்றால் பல் விழும் என்று பிள்ளைகளிடம் சொல்வோம். வளர்ந்த பிறகு அதைச் சொல்லிச் சிரிப்போம், ஆனாலும் தின்ன மாட்டோம்.

ஓபர்ட் தகப்பனைப் பார்த்ததில்லை. யாரோ சுரங்கத் தொழிலாளி. இவன் பிறப்பதற்கு முன்பே ஜோகன்னஸ்பர்க் போனவர் திரும்பவில்லை. புகைப்படம் இல்லை, பெயரும் தெரியாது. “நீ மோஃபு” என்று மட்டும் சொல்லியிருந்த தாய், வேறெதுவும் சொல்லாமல் செத்துப்போனாள். அவனுக்குப் பெண் கேட்கத் தூது போனவன் பள்ளித் தோழன் எல்ஃபாஸ். கிளம்பும் முன், “மோஃபுவுல எந்தக் கிளைடா நீ? கேப்பாங்களே” என்றான். ஓபர்ட்டுக்குத் தெரியவில்லை. எல்ஃபாஸ் அங்கே போய் வாய்க்கு வந்த ஒரு கிளையைச் சொல்லிச் சமாளித்தான். அன்றிலிருந்து ஓபர்ட்டின் வெட்கம் எல்ஃபாஸின் சட்டைப்பையில் இருந்தது.

விக்டோரியா அருவியைப் பார்க்க வேண்டும் என்று பல வருடங்கள் பேசி, ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் எல்ஃபாஸின் காரில் மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் எல்ஃபாஸின் மனைவி செக்கெசாய். அவளும் அதே பள்ளியில் கூடப் படித்தவள். இதயத்தைக் குலச்சின்னமாகக் கொண்ட மோயோ குலத்தில் பிறந்ததால் எல்லோருக்கும் மாமோயோ. எல்ஃபாஸ் சிங்கக் குலம், அவன் ஷும்பா.

புலவாயோ தாண்டும்வரை பாட்டும் வேர்க்கடலையுமாகப் போனது. லுப்பானேவுக்குப் பிறகு சாலை காட்டுக்குள் நேராக நீண்டது. வழியில் ஒரு கறிக்கடை முன் காரை நிறுத்தி, எல்ஃபாஸ் மட்டும் இறங்கிப்போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். உப்பிட்டு உலர்த்திய கறி.

“இந்தா மோஃபு, மெல்லு. மாட்டுக்கறி.”

“எனக்கு?” என்று கை நீட்டினாள் செக்கெசாய்.

“உனக்கு வேணாம். ஏற்கெனவே பிரஷர். உப்பத் தின்னுட்டு ராத்திரி பூரா என்னை எழுப்புவ.”

பின்சீட்டில் ஓபர்ட் நன்றாக மென்றான். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினான். “நல்லாருக்குடா ஷும்பா. திரும்பி வரும்போது வீட்டுக்கும் வாங்கணும்.”

அவன் விழுங்கும்வரை எல்ஃபாஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.

“நல்லா இல்லாம எப்படி? உன் சொந்தக்காரராச்சே.”

“யாரு?”

“மோஃபு கறிடா அது. வாயத் தொற, பல்லு எல்லாம் இருக்கான்னு பாப்போம்.”

செக்கெசாய் அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். “வெக்கமா இல்ல உனக்கு? நிறுத்து வண்டிய!”

“அட, விளையாட்டுக்கு மாமோயோ. சின்னப் பரீட்சை. பல்லு விழுந்தா நெசமான மோஃபு. விழலன்னா...”

அவன் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஓபர்ட் சிரித்தான். சிரிப்பைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் அவன் கைவசம் இல்லை.

கார் நின்றது. ஓபர்ட் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான், எதுவும் வரவில்லை. செக்கெசாய் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தாள்.

“அவன் கெடக்கான் விடு. எங்க குலத்துல இதயம் தின்னக்கூடாது. ஹாஸ்டல்ல நான் எத்தனை கோழி இதயம் தின்னுருக்கேன் தெரியுமா? பாரு, பல்லு ஒண்ணும் ஆடல.”

ஓபர்ட் வாய் கொப்பளித்துத் துப்பினான். “உனக்கு ஆடலன்னா பரவால்ல மாமோயோ. உங்கப்பா வீட்ல உக்காந்திருக்காரு.”

வேறு மோஃபு யாராவது தெரியாமல் அந்தக் கறியைத் தின்றுவிட்டுப் பல் உறுதியாக இருப்பதைக் கண்டால், பழைய கதை பொய் என்று நிம்மதியடைவான். ஓபர்ட்டுக்கு அந்த வழி இல்லை. கதை பொய்யா, தாய் சொன்னது பொய்யா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. யாரும் நம்பாத கதைதான் என்றாலும், வேறு சாட்சியே இல்லாதவனுக்கு எதிராக அது சாட்சி சொல்லப் போதுமானதாக இருந்தது.

மீதி வழியெல்லாம் அவன் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தது. அருவியின் நீர்ப்புகை தூரத்தில் எழுந்ததும், “டேய், பாரு பாரு!” என்று எல்ஃபாஸ் கத்தினான். ஓபர்ட்டும் பார்த்தான். அருவிக்கு எதிரே நனைந்துகொண்டு நின்றபோது எல்ஃபாஸ் போனைத் தூக்கிப் பிடித்தான். “சிரி மோஃபு, பல்லு தெரியட்டும்.” அந்தப் படத்தில் ஓபர்ட்டின் எல்லாப் பற்களும் தெரிகின்றன. அவற்றில் ஒன்றாவது விழாதா என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்ததைப் படம் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது. ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. மனைவி மருத்துவரிடம் போகச் சொல்லிச் சண்டை போட்டாள். அவன் போகவில்லை, அந்த வலியோடு அவன் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. வீங்கிய கன்னத்தோடு எல்ஃபாஸின் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்து காட்டினான்.

“பாரு ஷும்பா. ஆடுது.”

எல்ஃபாஸுக்கு உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லை. வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் உதட்டை விரலால் விலக்கினான். ஓரத்தில் இரண்டு பல் இல்லை.

“வயசாயிடுச்சுடா நமக்கு. எனக்கே ரெண்டு போச்சு. நான் எப்படா சிங்கத்தத் தின்னேன்?”

அன்று மாலையே ஓபர்ட் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.

பிறகு ஒரு கல்யாணத்தில், பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஐயாவை எந்தக் குலம்னு சொல்லிக் கூப்பிடறது?” என்று கேட்டார்.

“ஓபர்ட்னே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.