வாயை மூடிக்கொண்ட பெட்டி

“...அதான் கேக்குறேன், பூட்டுன போன காதுல வச்சிக்கிட்டு ஒரு ஆம்பள எதுக்குடி சிரிக்கணும்?” என்றார் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே. எனக்குப் பத்து வயது. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்க வீட்டில் என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை.

சிரித்தவர் சித்தப்பா. லூனாசில் எங்கள் வீட்டுத் தொலைபேசியின் எண் வட்டில் அப்பா ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். அத்தை தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்குப் போன அன்று விழுந்த பூட்டு அது. சாவி அப்பாவின் சட்டைப்பையில். தங்கையோடு பேசுகிறவர் யாரானாலும் வீட்டை விட்டு வெளியே போகலாம் என்பது அவர் சட்டம்.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த சித்தப்பா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் மோடம் என்ற பெட்டியையும் கொண்டுவந்து அதே தொலைபேசிக் கம்பியில் மாட்டினார். “மிஷின் மிஷினோடதானே பேசுது, பேசட்டும்” என்று அப்பா விட்டுவிட்டார். எண்ணைச் சுழற்றும்போது பெட்டி கடகடக்கும், பிறகு கழுத்தை நெரித்த கோழி மாதிரிக் கத்தும். ஒரு வாரமாக அந்தச் சத்தமே இல்லை.

“கத்துற வரைக்கும் யோக்கியமா இருந்துச்சு. வாய மூடுனதுலேர்ந்துதான் சந்தேகமா இருக்குலா” என்றார் அம்மா.

சித்தப்பாவுக்குக் கூலிமில் பெண் பார்க்க வருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். இங்கே வேறொருத்தி இருந்தால் அங்கே எந்த முகத்தோடு போய் நிற்பது? கையும் களவுமாகப் பிடித்து அப்பாவிடம் சொல்வதென்று முடிவாயிற்று. பிடிக்க வேண்டியவள் நான்.

எல்லாம் சித்தப்பாவின் நோட்டில் இருந்தது. ‘எம்’ எழுத்தோடு கோசோங், அதாவது பூஜ்யம், அடித்தால் பெட்டி வாயை மூடும். ஒன்று அடித்தால் திறக்கும். அவர் குளிக்கப் போன நேரம் ஒன்று அடித்தேன். ஆனால் அவர் வந்து பெட்டியை அணைத்துப் போட்டதும் அது மறுபடி ஊமையாகிவிட்டது. அம்மா என்னை முறைத்தார். மறுநாள் இன்னொரு பக்கம் புரட்டியபோதுதான் தெரிந்தது: கூடவே ‘டபிள்யூ’ கட்டளையும் கொடுத்தால்தான் அணைத்தாலும் பெட்டிக்கு நினைவிருக்கும். கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா, பூட்டிய வட்டைத் தொடாமலே, கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தார். பெட்டி கடகடவென்று ஆரம்பித்தது. அவர் முகம் வெளுத்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“ஹலோ, தம்பி, நீதானடா?” வீடு முழுக்கக் கேட்டது அத்தையின் குரல். “அண்ணிக்கு முட்டிவலி பரவால்லயா? எனக்கு ஏழாம் மாசம்டா. அண்ணி வைக்கிற கருவாட்டுக் கொழம்புக்கு நாக்கு செத்துக் கிடக்குது, போ.”

வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கள்வர் பிடிபட்டார், நீதிபதியும் வந்தாயிற்று. நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன்.

“மூடுடி அது வாய!” என்றார் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. “மறக்காத மாதிரி மூடு!”

எம், கோசோங், டபிள்யூ. குரல் அறுந்தது. இரண்டு நாள் பாடுபட்டுப் பிடித்துக் கொடுத்ததை எதற்காக விட்டுவிடுகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா சித்தப்பாவின் கையிலிருந்த ரிசீவரை வாங்கிச் சத்தமில்லாமல் வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய், எங்கள் நாலு பேருக்கு வேண்டியதைப் போல இரண்டு பங்கு கருவாட்டை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டார்.