உள்ளங்காலில் சிவப்பு அம்பு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக எனக்குச் செக்கிங் வேலை. ஷூவில் கீறலோ சுருக்கமோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சின்னக் குறை என்றால் பாஸ் செய்துவிடுவேன்.

யாருக்கோ அபூர்வமாக வரும் புற்றுநோய் எனக்கு வந்து, மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பில் என்னென்ன செய்கிறது என்று தினமும் எழுதிவரச் சொன்னார் வேலூர் டாக்டரம்மா. ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினார். எல்லா நாளுக்கும் 'ஓகே' என்றே எழுதியிருந்தேன்.

"இந்த மாத்திரைக்கு உள்ளங்கால் எரியுமே, எரியலையா?"

"எரிச்சல் ஜாஸ்தி இல்ல மேடம். அதான் பாஸ் பண்ணிட்டேன்."

"பாஸ் பண்றது என் வேலை. குறையைக் காட்டறதுதான் உங்க வேலை."

என் செக்கிங்கை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சுருக்கென்றது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதே, உள்ளங்காலில் தோல் உரிந்த இடம், கொப்புளம், வெடிப்பு என ஒன்றுவிடாமல் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன். உள்ளே போய்க் காலை நீட்டினேன். ஏழு அம்புகள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

இந்த மாதம் ஒரே ஒரு கொப்புளம்தான், கடுகளவு. கம்பெனியில் என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன். அதற்கும் ஒரு அம்பு ஒட்டிக்கொண்டுதான் போனேன்.