ஹாலில் மாட்டிய முகமில்லாத ஆள்

அரியலூர் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற ஆளாக ஆரம்பித்து, சொந்த லாரிகள் வாங்கி, பெரம்பலூர் மெயின் ரோட்டில் மாடி வீடு கட்டியவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. நான் நினைத்து நடக்காத காரியம் என்று இந்த இரண்டு ஜில்லாவிலும் ஒன்றே ஒன்றைத்தான் காட்டலாம். கனடாவில் இருக்கும் என் மகன் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறான். அதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பாக்கலாம்ப்பா" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சாப்பாடு, குளிர் என்று விசாரித்ததும் பேச்சு தீர்ந்துவிடும். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தெரியும். கோட்டுப் போட்ட ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் திறந்த ஜன்னல், அதற்குள் கடல். பிள்ளை ஆசைப்பட்டு மாட்டியதாக இருக்கும், அதைப் பற்றிப் பேசினால் மனசு இளகுவான் என்று நினைத்தேன். முறைத்துக்கொண்டு போன டிரைவர்களையே பேசித் திரும்ப அழைத்து வந்தவன் நான்.

கால் ஓடும்போதே அந்தப் படத்தைச் செல்போனில் பிடித்து வைத்து, ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் காட்டினேன். "சர்ரியலிச ஓவியம்ங்கய்யா, கனவு மாதிரி வரையறது" என்றவள், நல்ல தாளில் அச்சிட்ட படத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். டவுன் பிரேம் கடையில் தேக்குச் சட்டம் போடக் கொடுத்தேன். வாங்கப் போனால், மேலே மாலை மாட்டக் கொக்கி, கீழே சின்னச் சிவப்பு பல்பு.

"என்னய்யா இது?"

"இவ்வளவு பெரிய படத்துக்கு வழக்கமா வைக்கிறதுதானுங்க. ஐயா எப்பத் தவறினாருங்க? மொவம் சரியா விழலையே."

"யோவ், இது வெளிநாட்டு ஓவியம்யா! யாரும் சாவல!"

"கழட்டுனா ஓட்டை தெரியும்ங்க. இருந்துட்டுப் போவுதுங்க."

ஹாலில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். என் மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொவம் இல்லாட்டி என்னங்க, தோளு நம்ம புள்ள தோளாட்டமே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "பின்னாடி தெரியுதாடா? உன் வூட்டுல இருக்கிற அதே படம்!" என்றேன்.

அவன் திரும்பித் தன் சுவரைப் பார்த்தான். "ஓ, இதா? வீட்டு ஓனர் மாட்டுனதுப்பா. நான் சரியாப் பாத்ததுகூட இல்ல."

மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "எப்பப்பா வருவ?"

"பாக்கலாம்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பூ வைத்துவிட்டு வந்தவள், மிச்சமிருந்த சரத்தை அந்தக் கொக்கியில் மாட்டினாள். பல்பு ஸ்விட்சையும் போட்டாள். நான் ஒரு அதட்டல் போட்டால் வரிசையாக லாரிகள் நின்ற காலம் உண்டு. அன்றைக்கு, "கழட்டுடி" என்று சொல்லக் குரல் எழவில்லை.

பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, இப்போதெல்லாம் போன் வரும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறேன். அவன் பேசிக்கொண்டிருக்கிறான். எனக்கு நேர் எதிரே விளக்கு எரிகிறது.